பட்டிக்காடு என்று சொல்லிவிடுவார்கள்

அக்கா வாசலில் வந்து நின்றபோது ஏதோ கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட சேலை. மகன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்தது. விசேஷ வீட்டுக்கு மட்டும்தான் அது பீரோவை விட்டு இறங்கும். தலைக்குக் குளித்து, ஈரம் போகாத முடியை நுனியில் முடிந்திருந்தாள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

பனி விழுகிற காலம். மார்கழியா தையா என்று இப்போது சரியாக நினைவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, எங்கன விசேஷம்?" என்றேன்.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால்ல முள்ளு ஏறிட்டு. லேசா வீங்குன மாதிரி இருக்கு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம், வாட்டி."

முள்ளுக்கு ஆஸ்பத்திரியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் கோமதி அக்காவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஆவுடை, சங்கரன்கோவிலில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். அவள் என் மூத்தவள். மேலநீலிதநல்லூரைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், வானம் பார்த்த பூமியில் உளுந்தும் சோளமும் போட்டுக்கொண்டு, நாலு ஆடுகளோடு தனியாக இருக்கிறாள். கருவேல முள் தைத்தால் இன்னொரு கருவேல முள்ளால் குத்தி எடுத்துத் தூர எறிந்துவிட்டு, அதே காலோடு களை வெட்டப் போகிறவள். அவள் முள்ளுக்கு ஆஸ்பத்திரி தேடி பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

சேலை ஓரம்

எனக்கு மனிதர்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது துணிதான். தொழில் அப்படி. முகம் மறந்துவிடும், ஜாக்கெட்டின் கழுத்து இறக்கம் மறக்காது.

அக்கா எப்போதும் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூக்கிக் கட்டுகிறவள். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். "தரையைக் கூட்டவா சேலை கட்டுதோம்?" என்பாள். அன்றைக்கு அந்த நல்ல சேலையின் ஓரம் தரையைத் தட்டியது. பாதம் தெரியவில்லை. வாசற்படி ஏறும்போது ஒரு காலை ஊன்றாமல் இழுத்தாள்.

"காலைக் காட்டுக்கா."

"ஆஸ்பத்திரில காட்டிக்கிடலாம். நீ மொதல்ல இந்த நைட்டிய மாத்திட்டு நல்ல சேலையாக் கட்டு. இப்படியேவா வருவ?"

சேலை மாற்றினேன். அவள் சொன்னால் கேட்டுப் பழகிவிட்டது. ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைக் கவனித்தேன். கீழ்ப்பல் வரிசை சிவந்திருந்தது.

"வெத்தல போட்டியாக்கா?"

"நான் என்னைக்குட்டி வெத்தல போட்டிருக்கேன்? பல்லு லேசாக் கசியுது. காலைல இருந்து அப்படித்தான் இருக்கு."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. முள் தைத்தது காலில், கசிவது பல்லில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனசு பயந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஒரு சொல்லும் பல ஊர்களும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் "நாங்கள் பட்டிக்காட்டு ஆட்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். ஒரு வாசகி போன் போட்டு, "நீங்களே உங்களைக் கேவலப்படுத்திக்கலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆஸ்பத்திரிக்குள் போவதற்கு முன்னால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். தையலைப் பிரித்தால்தானே உள்ளே எவ்வளவு துணி மடித்து வைத்திருக்கிறது என்று தெரியும்.

பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடம். காடு என்றால் வெளியூர்க்காரர்கள் புலி, கரடி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் காடு என்பது மழையை நம்பி உழுது விதைக்கிற நிலம். "அம்மா எங்க?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்கா" என்று பிள்ளைகள் சொல்லும். களை வெட்டப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். ஆக, ஆடும் வெள்ளாமையும் இருக்கிற இடம்தான் பட்டிக்காடு. இது ஒரு தையல்காரி சொல்லும் அர்த்தம். புலவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். என் அர்த்தத்தில் வசவு எங்கே இருக்கிறது என்று எத்தனை முறை தேடினாலும் எனக்கு அகப்படவில்லை.

ஆனால் புழக்கத்தில் அது வசவுதான். என் கடைக்கு வருகிற டவுன் பிள்ளைகள், "யக்கா, பட்டிக்காட்டு ஜாக்கெட் மாதிரி கழுத்தை ஏத்தித் தச்சிராதீங்க" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒரு பிள்ளை கல்யாணமாகிச் சென்னைக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் மறுவீட்டுக்கு இங்கே வந்தபோது, மாமியார் எங்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "சரியான பட்டிக்காடா இருக்கே" என்றாராம். பிள்ளை அழுதுகொண்டு வந்து என்னிடம் சொன்னது. சங்கரன்கோவில்காரர்கள் கரிவலம்வந்தநல்லூரைச் சொல்வோம். கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் குருவிகுளம் பக்கத்தைக் கை காட்டுவார்கள். பட்டிக்காடு எப்போதும் அடுத்த பஸ் ஸ்டாப்பில்தான் இருக்கிறது.

பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி என்று ஒரு சொலவடையே உண்டு. மிட்டாயைப் பார்த்து ஆசைப்படாதவன் எந்தப் பட்டணத்தில் இருக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை.

இத்தனை வருஷம் கவனித்ததில் ஒன்று தெரிந்தது. இந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் முதலில் பார்ப்பது காலைத்தான். செருப்பு இருக்கிறதா, குதிகால் வெடித்திருக்கிறதா, மண் இருக்கிறதா. அதற்குப் பிறகுதான் முகத்துக்கு வருவார்கள்.

அத்தான் கால் கழுவப் போனார்

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டிலேயே உட்கார்ந்தது சில வருஷங்களுக்கு முன்னால். மழை பெய்து உழவு ஓடிக்கொண்டிருந்த நேரம். கரிசல் மண் கணுக்கால் வரைக்கும் அப்பியிருந்தது. அப்படியே லோடு ஆட்டோவில் போட்டு அக்கா கொண்டுபோனாள். ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கத்தினாளாம். "இப்பத்தானே துடச்சேன்! பட்டிக்காட்டு சனங்களா, காலைக் கழுவிட்டு வரத் தெரியாதா?" அவளுமே ஏதோ ஒரு பட்டியிலிருந்து விடிகாலை பஸ்ஸைப் பிடித்து வருகிறவளாகத்தான் இருப்பாள். அவளையும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

அத்தான் யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனுஷன். நெஞ்சுவலியோடு, "இருக்கட்டும் கோமதி, கழுவிட்டே வாரேன்" என்று வெளியே குழாயடிக்குப் போனார். ஒரு காலைக் கழுவினார். மறு காலைக் கழுவக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவருக்கு வந்த நோய்க்கு அந்த நேரம் பெரிதில்லை, எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அக்கா நம்பவில்லை. மண்ணோடு போனோம், அதனால் போனார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு இருமல் மருந்து வாங்கக்கூட அவள் அழுக்குச் சேலையோடு டவுனுக்கு வந்ததில்லை. குளித்து, பவுடர் போட்டு, செருப்பைத் துடைத்துத்தான் வருவாள். நாங்கள் கேலிகூடச் செய்வோம்.

வளையம்

இப்போது சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இதற்கும் பெயர் வேண்டாம். சின்ன இடம், நல்ல மனிதர்கள். அன்றைக்குக் கூட்டம். சீட்டு எழுதுகிற பெண் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல சேலை, பவுடர், சிரித்த முகம்.

"என்ன செய்யுதும்மா?"

"கால்ல முள்ளு, தாயி. ஒண்ணும் அவசரமில்ல."

உட்காரச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் காய்ச்சல்காரர்கள், மாத்திரைக்கு வந்தவர்கள், கட்டுப் பிரிக்க வந்த ஒரு பையன். நடுவில் வேட்டியெல்லாம் ரத்தமாக ஒருவரைத் தூக்கி வந்தார்கள், பைக்கிலிருந்து விழுந்தவர். எல்லாரும் எழுந்து அவருக்கு வழி விட்டோம். அக்காவும் எழுந்து நின்று, "ஐயோ பாவம், மொதல்ல அவரைப் பாருங்க" என்றாள்.

திரும்ப உட்காரும்போது அவள் தடுமாறினாள். கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது, உள்ளங்கை வேர்த்திருந்தது. நெற்றியில் பவுடர் கரைந்து வழிந்தது.

நான் கேட்கவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து சேலை ஓரத்தைத் தூக்கினேன்.

பாதம் செருப்பு வாருக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு இருந்தது. தோல் பளபளவென்று மினுங்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கால். நகக்கண்ணில்கூட மண் இல்லை. இன்னும் தூக்கினேன். கெண்டைக்காலில் சுற்றிலும் ஒரு வளையம் பதிந்திருந்தது. கிழித்த துணியை இறுக்கிக் கட்டி, அவிழ்த்த தடம். சேலைக் கரையின் மொடமொடப்பான நூல் வரிசைகூடத் தோலில் தெரிந்தது. நான் துணிக்காரி. எனக்குத் தெரியும். முள்ளுக்கு யாரும் இப்படிக் கட்ட மாட்டார்கள்.

"யக்கா," என்றேன். "யக்கா, என்னது கடிச்சிட்டு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து, யாரோ வீட்டு ரகசியம் சொல்வதுபோல என் காதில் சொன்னாள்.

"சுருட்டை."

சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது. உளுந்தஞ்செடிக்கு அடியில் சுருண்டு கிடந்தால் மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் பக்கம் அதற்குப் பறிகொடுக்காத ஊர் கிடையாது.

"எப்ப?"

"வெயில் ஏறுறதுக்கு முன்ன."

இப்போது உச்சி வெயில்.

"மடியில முடிஞ்சு வச்சிருந்த கோயில் புத்துமண்ண அப்பி, முந்தானையக் கிழிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் இதோட எப்படி டவுனுக்குப் போகன்னு எல்லாத்தையும் தேச்சுக் கழுவிட்டேன். குளிக்கத் தண்ணி மோந்து, சேலை மாத்தி, பஸ்ஸு வர..." அவள் மறுபடி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "மண்ணுங்காலும் கிழிஞ்ச சேலையுமா வந்தா பட்டிக்காடுன்னு சொல்லிருவாங்கல்லா ஆவுடை? உங்க அத்தானைச் சொன்ன மாதிரி, வெளிய போன்னு சொல்லிட்டா நான் எங்கட்டி போவேன்?"

என் வாழ்நாளில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. எதிரே சுவரில் ஒரு குழந்தை உதட்டில் விரல் வைத்து "அமைதி" என்று சொல்லும் படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். டவுனுக்கு வந்த பிறகு நான் விட்டுவிட்ட தொண்டை அது. காட்டுக்கு அந்தக் கடைசியில் நிற்கிறவர்களை இந்தக் கடைசியிலிருந்து கூப்பிடுகிற தொண்டை.

"ஏ அய்யா! ஏ அம்மா! எங்க அக்காவப் பாம்பு கடிச்சிட்டு! காலைலயே கடிச்சிட்டு! யாராவது ஓடியாங்க!"

ஒரு நர்ஸ் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஒரு பெண் டாக்டர்.

கண்ணாடிக் குழாயில் ரத்தம்

பாம்புக்கடிக்கு ஒரு சோதனை உண்டு. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிஷம் அசைக்காமல் நிறுத்திவைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது.

ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்தார்கள். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு வைத்தார்கள். அதுவும் சிவந்தது. அந்தக் குழாயை ஜன்னலோரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். வெயில் பட்டு ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிற கோமதியம்மாளைக் கூப்பிட்டேன். அம்மா, உன் பேரைத்தானே அவளுக்கு வைத்திருக்கிறோம், உன் புத்துமண்ணைத்தானே அவள் அப்பினாள், உறைய வையம்மா என்றேன்.

அக்கா கட்டிலில் கிடந்தபடி, "ஏட்டி, அந்தப் பையில கிழிஞ்ச சேலை இருக்கு. யாரும் பாத்துராம மறச்சு வையி" என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "சும்மா கெடக்கா, மூதி" என்றேன். மூத்தவளை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்து குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் கண்ணாடியின் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு, அவசரமே இல்லாமல், தண்ணீர் போல ஓடியது.

யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை. விஷமுறிவு மருந்தை பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். டாக்டர் அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, அதிர்ந்து பேசாமல் ஒன்று சொன்னார்.

"இப்படிப் பளிச்சுன்னு வந்து, முள்ளுன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? மண்ணோட வந்திருந்தா வாசல்லயே கேட்டிருப்போமே."

அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பல்லெல்லாம் ரத்தம்.

திருநெல்வேலிக்குப் போகிற வழி முழுக்க அவள் கையை விடவில்லை. தூங்கிவிடாதே, தூங்கிவிடாதே என்று பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. அவள் மகனுக்குப் போன் போட்டுவிட்டு, அவன் எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அங்கேயும் குழாய் வைத்தார்கள், சாய்த்தார்கள், ஓடியது. மறுபடி மருந்து. மறுபடி குழாய். ஒவ்வொரு முறையும் நர்ஸ் அந்தக் குழாயைக் கையில் எடுக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். ஓடுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒரு தடவை அந்த நர்ஸ்தான் என் தோளைத் தட்டினார். "இங்கன பாருங்கம்மா" என்று குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ரத்தம் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. விழவில்லை.

நான் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் மறுபடியும்

அக்கா பிழைத்தாள். வீக்கம் வடிய நாளானது. அந்தக் காலில் இன்றைக்கும் தோல் கொஞ்சம் கறுப்பு.

மகன் காட்டுக்குப் போடுகிற பெரிய ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்பினான். அக்கா அதற்குள் நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். காலில் போட்டு நான் பார்க்கவில்லை. இதைச் சொல்லி அவளோடு இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

எனக்குத்தான் பயம் விடவில்லை. முன்பெல்லாம் அழுக்குச் சேலையோடு யாராவது ஓடி வந்தால் பதறுவேன். இப்போது நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, அமைதியாக வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் பதறுகிறேன். கடைக்கு வருகிற பெண்களின் சேலை ஓரத்தைப் பார்க்கிறேன். தரை தட்டினால் அளவெடுக்கிற சாக்கில் குனிந்து காலைப் பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் அக்கா வந்தாள். எங்கள் கோயிலில் விஷக்கடிக்கு நேர்ந்துகொண்டவர்கள், வெள்ளித் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். அந்த நேர்ச்சையைத் தீர்க்க வந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட அதே சேலை. அதே பவுடர். ஜவுளிக்கடைப் பை. வாசலில் வந்து நின்று, "ஏட்டி, கெளம்பு, ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்" என்றாள்.

நான் மெஷினை விட்டு எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஓடிப்போய் வாசலில் அப்படியே உட்கார்ந்து, அவள் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏட்டி! தெருவுல வச்சு என்னட்டி செய்யுத!" அக்கா என் தலையில் ஒன்று வைத்தாள். "நாலு பேரு பாக்காங்க. சரியான பட்டிக்காடு!"

அவள் வாயிலிருந்து இன்னொருத்தரைப் பார்த்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு மற்றதைத் தூக்கச் சொன்னேன்.